பக்கவாட்டில் பத்து சென்டிமீட்டர்

கபடி ஷார்ட்ஸுக்குப் பேட்டர்ன் அட்டை வெட்டும்போது நான் முதலில் பார்ப்பது கவட்டைத் தையலைத்தான். ரெய்டு போகிறவள் காலை நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மொத்த இழுப்பும் அங்கேதான் விழும். நாலு தையல் ஒரே புள்ளியில் கூடினால் சீக்கிரம் பிரிந்துவிடும். அதனால் அந்த இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும், கசெட் என்போம். கூடுதலாகப் பிடிப்பது உள்ளங்கை அகலத் துணியும் கொஞ்சம் மெஷின் நேரமும்தான். ஆண்கள் ஷார்ட்ஸுக்கு இதைச் சொன்னால் ஆர்டர் கொடுப்பவர் தலையாட்டுவார். பெண்கள் ஷார்ட்ஸுக்குச் சொன்னால், "அதெல்லாம் எதுக்குங்க்கா, பார்வைக்கு எடுப்பா இருந்தா போதும்" என்பார்.

யார் பார்வைக்கு என்று நான் கேட்பதுண்டு. சிரிப்பார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்தவள் நான். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்று மெஷின் மெஷினாக மாறி, கட்டிங் டேபிளுக்குப் போய், கடைசியில் பேட்டர்ன் அட்டை வெட்டக் கற்றேன். அந்த வேலையில் பெண்கள் குறைவு. "மாஸ்டரக்கா" என்று கூப்பிடத் தொடங்கியவர்கள் இன்றும் அப்படியே கூப்பிடுகிறார்கள். முதலில் ஏற்றுமதி உள்ளாடை, பிறகு ஏற்றுமதி ஜிம் உடை, இப்போது சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்து பள்ளி, கல்லூரி, கிளப் அணிகளுக்கு ஜெர்சியும் ஷார்ட்ஸும். பெண்ணின் உடம்பை விளையாட்டில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேசும்போது எல்லோரும் கேமராவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கேமராவுக்கு முன்னாலேயே பாதி வேலை அட்டையில் முடிந்துவிடுகிறது என்பது அட்டை வெட்டுகிறவளுக்குத் தெரியும்.

ஏற்றுமதி ஜிம் உடையில் இருந்தபோது பையரிடமிருந்து டெக் பேக் வரும். எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர், எந்தத் தையல், எந்த நூல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். ஒரு காலத்தில் லெக்கிங்ஸ் டெக் பேக் என்றால் இடுப்புப் பட்டி சுருளக் கூடாது, தொடையின் உள்தையல் உரசக் கூடாது, குனிந்தால் துணி வெளிறக் கூடாது என்பதுபோல இருக்கும். பிறகு பின்பக்க நடுத்தையலில் மெல்லிய இலாஸ்டிக்கை இழுத்து வைத்துச் சுருக்கம் கொடுக்கும் மாடல் வந்தது. பிருஷ்டத்தை இரண்டாகப் பிரித்து எடுத்துக்காட்டுவதைத் தவிர அந்தச் சுருக்கத்துக்கு வேறு வேலையே கிடையாது. ஓடுவதற்கு உதவாது, தரையில் படுத்து வயிற்றுப் பயிற்சி செய்தால் உறுத்தும். எங்கள் லைனில் தைத்த அக்காமார்கள் அந்தப் பீஸைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன கமெண்டுகளை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்தது ஒன்று: "இதப் போட்டுட்டு எக்ஸர்சைஸ் பண்றவளுக்கு முதுகுப் பக்கமும் ஒரு கண்ணாடி வேணுமேடி."

அதே டெக் பேக்கில் கசெட்டை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். பீஸுக்குக் கொஞ்சம் காசு மிச்சம். சுருக்கத்துக்குச் செலவழிக்கக் காசிருந்தது.

துணி வெளிறுவது பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இந்தத் தொழிலில் பெரிய விஷயம். குந்தி எழும்போது பின்பக்கத் துணி இரண்டு திசையிலும் இழுபடும். பின்னல் தளர்ந்தால் உள்ளே இருப்பது தெரியும். 2013 மார்ச்சில் கனடாவின் லுலுலெமன் நிறுவனம் அப்படி வெளிறிப்போன கறுப்பு யோகா பேன்ட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது. துணி பிரச்சினை, எடுத்துவிட்டார்கள், சரி. அந்த வருடம் நவம்பரில் நிறுவனத்தைத் தொடங்கிய சிப் வில்சன் தொலைக்காட்சியில் பேசும்போது, சில பெண்களின் உடம்புக்கு அந்தப் பேன்ட் ஒத்துவராது என்ற பொருளில் சொன்னார். அடுத்த மாதமே தலைவர் பதவியை விட்டு விலகுவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் இந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது கட்டிங் டேபிளில் இருந்த வயதான மாஸ்டர், "ஜி.எஸ்.எம். கொறைச்சவன் அவன், தொடை பெருசுன்னு பழி அவ மேலயா?" என்றார். துணியின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று நாங்கள் அளப்பதுதான் ஜி.எஸ்.எம். அந்த விவகாரத்துக்கு அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

கம்பெனிகளாவது விற்பதற்காகச் செய்கின்றன. விளையாட்டு அமைப்புகள் சட்டமாகவே எழுதி வைத்திருந்தன. சர்வதேச ஹேண்ட்பால் சம்மேளனத்தின் பழைய பீச் ஹேண்ட்பால் விதியில் பெண்கள் அணிய வேண்டிய கீழுடை இப்படி: உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், காலின் மேற்பகுதியை நோக்கி மேலேறிய வெட்டு, பக்கவாட்டு அகலம் அதிகபட்சம் 10 சென்டிமீட்டர். ஆண்களுக்கு ஷார்ட்ஸ்; அது முழங்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே நின்றால் போதும். அதே பத்துதான். அவனுக்கு முழங்காலிலிருந்து அளந்தார்கள், அவளுக்கு இடுப்பிலிருந்து. பேட்டர்ன் மாஸ்டரிடம் இந்த அளவைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பத்தில் இடுப்பு இலாஸ்டிக்குக்கு மூன்று போய்விடும். கால் பக்கம் மடித்துத் தைக்க இன்னொன்று. மிச்சம் ஆறு. மணலில் விழுந்து புரண்டு பந்தைப் பிடிக்கும் ஒருத்தியின் இடுப்பில் அந்த ஆறு சென்டிமீட்டர் துணி இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றால், கால் இலாஸ்டிக்கை இறுக்கித்தான் ஆக வேண்டும். அது தோலில் வெட்டும்.

2021 ஜூலையில் பல்கேரியாவின் வர்னா நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நார்வே பெண்கள் ஸ்பெயினோடு வெண்கலத்துக்கு மோதிய ஆட்டத்துக்கு ஷார்ட்ஸ் அணிந்து இறங்கினார்கள். அபராதம் ஆளுக்கு 150 யூரோ, மொத்தம் 1,500. பாடகி பிங்க், தானே கட்டுவதாக அறிவித்தார். விதியை மாற்றினார்கள், இப்போது ஒட்டிய குட்டை ஷார்ட்ஸ் போடலாம்.

அதே ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த தடகளப் போட்டியில் வேல்ஸைச் சேர்ந்த பாராலிம்பிக் வீராங்கனை ஒலிவியா பிரீனிடம் ஓர் அதிகாரி, அவருடைய ஓட்டப்பந்தயக் கீழுடை ரொம்பச் சின்னதாக இருக்கிறது, ஷார்ட்ஸ் வாங்கிக்கொள்ளலாமே என்றார். தடகளத்தில் எல்லோரும் போடுகிற உடைதான் அது. ஒரே மாதம், ஒரே கண்டம். ஒருத்திக்கு நீளம் என்று அபராதம், ஒருத்திக்குக் குட்டை என்று புத்திமதி. இரண்டு இடத்திலும் ஆடுகிறவளை யாரும் கேட்கவில்லை.

குறைந்த துணி ஆட்டத்துக்கு உதவும் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் தொழில்முறைப் பதில் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் காத்தி ஃப்ரீமன் தலைமூடி வரை சேர்த்துத் தைத்த முழு உடையில் 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். 2008இல் வந்த ஸ்பீடோவின் எல்.இசட்.ஆர். ரேசர் நீச்சல் உடை தோளிலிருந்து கணுக்கால் வரை மூடியது. அதில் நூல் தையலே கிடையாது, அல்ட்ராசானிக் முறையில் ஒட்டியிருந்தார்கள். அந்த இணைப்பைப் படத்தில் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த வழியில் வந்த உடைகளோடு 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010இலிருந்து தடை போட்டார்கள். அதாவது, உடம்பை மூடிய உடை வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டுகிறது என்று தடை. வேகம்தான் நோக்கம் என்றால் துணி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இதை வைத்து எல்லாப் பெண்களையும் மூடித்தான் ஆட வைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பீச் வாலிபாலில் 2012இலேயே ஷார்ட்ஸுக்கும் கைவைத்த மேலாடைக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் மணல் உள்ளே தங்காது என்று பிகினியையே தேர்ந்தெடுத்தவர்கள் பலர். அது அவர்கள் கணக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் இறங்கினார்கள். விதி அதை ஏற்கெனவே அனுமதித்திருந்தது. துணிந்து போட்டுக் காட்ட ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறோம். 2005இல் சானியா மிர்சாவின் டென்னிஸ் பாவாடை பற்றி மதத் தலைவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முன்னால், 2004 ஜனவரியில், ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் கால்பந்து ஆடும் பெண்கள் இன்னும் இறுக்கமான ஷார்ட்ஸ் போட்டால் ஆட்டம் பிரபலமாகும் என்று யோசனை சொன்னார். ஒருவர் மூடு என்றார், ஒருவர் இறுக்கு என்றார். இருவருமே கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள்.

பாட்மின்டனிலும் இது நடந்தது. 2011இல் உலக சம்மேளனம் பெண்கள் பாவாடை அணிய வேண்டும் என்று விதி கொண்டுவந்தது, ஆட்டத்தைக் கவர்ச்சியாகக் காட்டுவதற்காக. எதிர்ப்பு வந்து தள்ளிப்போட்டு, பிறகு கைவிட்டார்கள். குத்துச்சண்டையிலும் அந்தக் காலத்தில் பாவாடை யோசனை வந்து, கடைசியில் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். குத்துச்சண்டைக்குப் பாவாடை தைக்கச் சொல்லி யாராவது என்னிடம் வந்திருந்தால் எந்தப் பக்கம் ப்ளீட் வைக்க என்று கேட்டிருப்பேன்.

ஸ்போர்ட்ஸ் பிரா பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது, ஏனென்றால் என் தொழிலில் பெண்ணுக்காகப் பெண்களே யோசித்த பொருள் அதுதான். 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால் என்ற ஓட்டக்காரர், பாலி ஸ்மித் என்ற நாடக உடை வடிவமைப்பாளர், ஹிண்டா மில்லர் ஆகிய மூவரும் ஆண்கள் விளையாட்டில் அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை வெட்டிச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியை உண்டாக்கினார்கள். ஓடும்போது வலிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட டெக் பேக். 1999 ஜூலையில் பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் பிராண்டி சாஸ்டெய்ன் கடைசிப் பெனால்டியை அடித்துவிட்டு ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றியபோது, ஆண்கள் எத்தனையோ முறை செய்த காரியம் ஒரு பிராவைப் பற்றிய விவாதமாகிவிட்டது. தொண்ணூறாயிரம் பேர் முன்னால் உலகக் கோப்பை வென்றதை விட்டுவிட்டு உள்ளாடையைப் பேசினார்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இன்னும் அந்தப் பொருளே பலருக்குப் போய்ச் சேரவில்லை. ஜெர்சிக்கு அளவெடுக்கப் போகும்போது பார்ப்பேன், ஓடுகிற பிள்ளைகள் சாதாரண உள்ளாடை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். தோள்பட்டையில் தடம் விழுந்திருக்கும். சிலர் தோளைக் குறுக்கி முன்னால் வளைந்தே ஓடுவார்கள். "கண்ணு, நிமிந்து ஓடு" என்று பி.டி. சார் கத்துவார். அவர் நல்லவர்தான். நிமிர்ந்து ஓடினால் மைதானத்து ஓரத்தில் நிற்பவன் என்ன சொல்வான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அளவெடுப்பதே ஒரு கதை. பெரும்பாலான ஆர்டர்களில் யாரும் அளவெடுப்பதில்லை. "பன்னெண்டு பிள்ளைங்க, எஸ் நாலு, எம் ஆறு, எல் ரெண்டு போட்டுருங்க" என்று போனிலேயே முடிந்துவிடும். பையன்கள் ஜெர்சி அட்டையைச் சுருக்கி, இடுப்பில் வளைவு கொடுத்து, "லேடீஸ் கட்" என்று விற்பதுதான் சந்தை வழக்கம். அந்த வளைவு நிற்கும் பெண்ணுக்குத்தான் பொருந்தும். வாலிபாலில் அடிக்கக் கையை உயர்த்தினால் ஜெர்சி மேலேறி வயிறு தெரியும், இறங்கியதும் இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பாயிண்டுக்கும் இடையில் ஜெர்சியை இழுத்துவிடும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அக்குளில் ஒரு கசெட்டும், நீளத்தில் ஓர் அங்குலமும் கூட்டினால் தீர்ந்துவிடும். நான் கூட்டுகிறேன். ஸ்பான்சர் பிடித்துவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "லூசா இருந்தா எங்க லோகோ மடங்கிக்குமே" என்றார். அவரே இன்னொரு முறை, லோகோவை ஷார்ட்ஸின் பின்பக்கம் போட முடியுமா என்றும் கேட்டார். ஆண்கள் அணிக்கும் அங்கேதான் போடுகிறீர்களா என்று கேட்டேன். அந்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போனது.

என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். மேலே கொஞ்சம் தளர்வாக, கீழே ஷார்ட்ஸுக்குள் ஒட்டிய ஒரு உள் ஷார்ட்ஸ், நிறம் எதுவானாலும் சரி, வெள்ளை மட்டும் வேண்டாம். வெள்ளைக்கு இரண்டு காரணம். ஒன்று மாதவிலக்கு. இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணி 2023இல் வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியதும், விம்பிள்டன் தன் வெள்ளை விதியைத் தளர்த்தி உள்ளே கருநிற ஷார்ட்ஸை அனுமதித்ததும் அதற்காகத்தான். இன்னொன்று வியர்வை. மெல்லிய வெள்ளை பாலியஸ்டர் நனைந்தால் கண்ணாடிதான். லைனிங் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தடிமனைக் கூட்ட வேண்டும்; இரண்டுக்கும் விலை கூடும். பள்ளி நிர்வாகம் விலை கேட்டுவிட்டு, வெள்ளையும் வேண்டும் லைனிங்கும் வேண்டாம் என்னும்.

நிறம் மாற்றினாலும் தப்ப முடியாத விஷயம் ஒன்றை ஜப்பானிலிருந்து தெரிந்துகொண்டேன். அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கும் கேமராவில் மெல்லிய செயற்கை இழைத் துணி வழியே உள்ளாடை தெரியும். அப்படி வீராங்கனைகளைப் படமெடுப்பது அங்கே பெரிய தொல்லையாகி, 2020இல் வீராங்கனைகளே அந்த நாட்டு ஒலிம்பிக் கமிட்டி வரை புகாரைக் கொண்டுபோனார்கள். மிசுனோ நிறுவனம் அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும் துணியை உருவாக்கி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானிய அணிகளுக்குக் கொடுத்தது. தையல்காரியாக எனக்கு அந்தத் துணி மேல் மரியாதை. ஆனால் வியர்வையை உறிஞ்சவும் காற்றுப் போகவும் செலவழிய வேண்டிய மூளை, எவனோ ஒருவனின் கேமராவை மறிக்கச் செலவழிந்திருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் அந்த அளவு கருவியெல்லாம் தேவையில்லை, போன் போதும். இரவு வெளிச்சத்தில் நடக்கும் பெண்கள் கபடிக்கு ஜெர்சி கொடுத்துவிட்டு, எப்படி நிற்கிறது என்று பார்க்கப் போவேன். ஒருமுறை, வியர்த்துக் கொட்டும் சித்திரை வெக்கையில் ஷார்ட்ஸுக்குக் கீழே கணுக்கால் வரை லெக்கிங்ஸ் போட்டிருந்தாள் ஒரு ரெய்டர். கால் வழுக்காதா, சூடாக இல்லையா என்றேன்.

"ஆடறதுக்கு இது தொந்தரவுதானுங்க்கா. வீடியோவுக்காகப் போட்டுக்கறோம்."

போன வருடம் அவள் கீழே விழுந்து பிடிபட்ட ஒரு நொடியை யாரோ மெதுவாக ஓடவிட்டு, பாட்டுப் போட்டு, ரீலாக்கியிருக்கிறார்கள். அன்று அவள் எடுத்த பாயிண்டுகள் எதிலும் இல்லை. அவள் அப்பா ஒரு வாரம் பேசவில்லையாம். நான் எவ்வளவு நல்ல கசெட் வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒலிம்பிக் ஒளிபரப்பு அமைப்பின் தலைவர் யானிஸ் எக்ஸார்கோஸ், பெண்களையும் ஆண்களையும் ஒரே மாதிரிப் படமெடுக்க வேண்டும் என்று தன் கேமராக்காரர்களுக்குச் சொல்லியிருப்பதாகப் பாரிஸில் வெளிப்படையாகவே பேசினார். பயிற்சி பெற்ற கேமராக்காரர்களுக்கே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கபடிக் களத்தின் கயிற்றுக்கு வெளியே நிற்பவனுக்கு யார் சொல்வது? விழாக் கமிட்டிதான் சொல்ல வேண்டும். கமிட்டியோ போஸ்டரில் ஆண்கள் ஆட்டத்துக்கு ரெய்டு போகும் படமும், பெண்கள் ஆட்டத்துக்கு யாரோ ஒரு மாடல் பெண் இடுப்பில் கைவைத்து நிற்கும் படமும் போட்டிருந்தது.

ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு, பி.டி. ஆசிரியர்களுக்கு, கிளப் செயலாளர்களுக்கு, விழாக் கமிட்டிக்காரர்களுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை பெண்கள் அணிக்கு ஜெர்சி சொல்லும்போது போனிலேயே எஸ், எம், எல் என்று முடித்துவிடாதீர்கள். ஒரு பெண் டெய்லரை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லி அளவெடுக்க வையுங்கள். சாம்பிளை ஒரு பிள்ளைக்குப் போட்டுக் குனியவும், தாவவும், விழவும் சொல்லிப் பாருங்கள். நிறத்தையும் நீளத்தையும் ஆடப்போகிறவர்களிடம் கேளுங்கள். கசெட்டுக்கும் லைனிங்குக்கும் ஆகும் காசை, கோப்பையின் உயரத்தில் ஓர் அங்குலம் குறைத்துக் கொடுங்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து நிற்பவனை மைக்கில் பேர் சொல்லி வெளியே அனுப்புங்கள்.

உங்கள் ஊர் டெய்லர் கசெட் தெரியாது என்றால் என் யூனிட்டுக்கு அனுப்புங்கள், அட்டையைச் சும்மாவே வெட்டிக் கொடுக்கிறேன்.